டி.எம்.எல்.டி.: சிறிய பாராமெடிக்கல் கல்லூரியில் ஆய்வகத் தொழில் எப்படிக் கைவருகிறது, எங்கே பிசகுகிறது

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்துவிட்டு, எம்.பி.பி.எஸ். கிடைக்காமலோ அந்தக் கட்டணம் எட்டாமலோ நிற்கும் பிள்ளைகளுக்கு அடுத்த வாசல் பாராமெடிக்கல் படிப்பு. தமிழ்நாட்டில் மாவட்டத் தலைநகர்களில் மட்டுமல்ல, தாலுகா ஊர்களிலும் ஒரு மாடிக் கட்டடத்தில் இருபது முப்பது மாணவர்களோடு நடக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பலரும் சேரும் படிப்பு டி.எம்.எல்.டி., அதாவது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயம். இரண்டு ஆண்டு. முடித்தால் லேப் டெக்னீசியன் வேலை.

சிறிய கல்லூரி என்பதாலேயே அதை ஒதுக்க வேண்டியதில்லை. முப்பது பேர் வகுப்பில் ஆசிரியருக்கு ஒவ்வொருவர் கையும் தெரியும். மைக்ரோஸ்கோப்புக்கு வரிசையில் நிற்கும் நேரம் குறைவு. ஆனால் இந்தப் படிப்பில் ஒருவர் தேறுவாரா என்பதை ஒரே ஒரு விஷயம்தான் தீர்மானிக்கிறது: அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க, அவர் கை வழியாக எத்தனை சாம்பிள் போயிற்று? கட்டடம், சீருடை, ஸ்மார்ட் போர்டு எல்லாம் அதற்குப் பின்னால்தான். ஏன் இப்படி என்பது ரத்தம் எடுக்கும் ஊசியிலிருந்து ரிப்போர்ட் வரைக்குமான பாதையைப் பார்த்தால் விளங்கும். அதற்கு முன், சேரும் நாளில் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

சான்றிதழில் யார் கையெழுத்து?

நர்சிங்குக்கு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. மருந்தாளுநர்களுக்கு 1948-இல் பார்மசி சட்டம். அதனால் ஜி.என்.எம். என்றால் மூன்று ஆண்டு, டி.பார்ம். என்றால் இரண்டு ஆண்டோடு 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி என்று நாடு முழுதும் ஒரே அளவுகோல் இருக்கிறது. ஆய்வகம், எக்ஸ்ரே, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் போன்ற தொழில்களுக்கு மத்திய அளவில் அப்படியொரு சட்டம் 2021 வரை இல்லை. அந்த இடைவெளியில்தான் ஆறு மாதம், ஒரு வருடம் என்று விதவிதமான சான்றிதழ்கள் முளைத்தன. பெயர்ப்பலகையில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

2021-இல் வந்த இணை மற்றும் நலப்பணித் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் ஒரு கோடு போட்டது. டெக்னீசியன் நிலையில் உள்ளவரின் படிப்பு குறைந்தது 2,000 மணி நேரம், அதுவும் இரண்டிலிருந்து நான்கு ஆண்டுக்குள் பருவங்களாகப் பிரித்து நடத்தப்பட்டிருக்க வேண்டும். பட்டப்படிப்பு நிலைத் தொழில்களுக்கு 3,600 மணி நேரம். தொழில் செய்பவர்கள் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. இதன் பட்டியலில் முதல் பிரிவே மருத்துவ ஆய்வகத் துறைதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால், ஆறு மாதப் படிப்பு 900 மணி நேரத்தில் முடிந்துவிடும். 2,000-க்குப் பாதிகூட வராது. ஆகவே ஆறு மாதத்தில் லேப் டெக்னீசியன் என்று யார் விளம்பரம் செய்தாலும் கேட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், பணம் கட்டாதீர்கள்.

அடுத்தது, சான்றிதழை யார் தருகிறார்கள் என்பது. மருத்துவக் கல்வி இயக்ககமா, ஒரு பல்கலைக்கழகமா, அல்லது கல்லூரியை நடத்தும் அறக்கட்டளை தானே அச்சடித்துத் தருகிறதா? தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைப் பணியிடங்களை நிரப்பும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் அறிவிக்கையில் படிப்பின் பெயரோடு, அதை நடத்திய நிறுவனத்தின் அங்கீகாரமும் கேட்கப்படும். அறக்கட்டளைச் சான்றிதழ் அங்கே நிற்காது. போன ஆண்டு மாணவர் ஒருவரின் மதிப்பெண் சான்றிதழை நேரில் காட்டச் சொல்லுங்கள். வழங்கும் அமைப்பின் பெயர் மேலேயே இருக்கும். அந்த அமைப்பின் இணையதளத்தில் உள்ள கல்லூரிப் பட்டியலில் இந்தக் கல்லூரி, இந்தப் படிப்புக்காகவே, இந்த ஆண்டுக்கே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு படிப்புக்கு அனுமதி வாங்கிவிட்டு நான்கு படிப்புக்கு ஆள் சேர்ப்பது நடக்கிறது.

பிறகு போஸ்டிங், அதாவது மருத்துவமனை ஆய்வகத்தில் செய்முறைப் பயிற்சி. எந்த மருத்துவமனை, நாளைக்கு எத்தனை நோயாளிகளுக்கு அங்கே ரத்தம் எடுக்கிறார்கள், கல்லூரிக்கும் அந்த மருத்துவமனைக்கும் எழுத்தில் ஒப்பந்தம் உண்டா? இருபது படுக்கை உள்ள நர்சிங் ஹோமில் ஒரு நாளைக்கு முப்பது சாம்பிள் வந்தால், பத்து மாணவர்களுக்கு ஆளுக்கு மூன்றுதான். அதிலும் குழந்தைகளும் சிரை கிடைக்காத முதியவர்களும் போக மிச்சம் எவ்வளவு? நுண்ணுயிரியல் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது), ரத்த வங்கி, திசுவியல் ஆகியவை சிறிய மருத்துவமனைகளில் இருக்காது. அவற்றுக்கு ஒரு மாதமாவது பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்களா என்று கேட்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பாடங்களை மாணவர் படம் பார்த்துத்தான் படித்திருப்பார்.

ஊசி குத்தும் ஐந்து நிமிடம்

ஆய்வகப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு வரை சாம்பிள் மெஷினுக்குள் போவதற்கு முன்பே நடந்துவிடுகிறது என்பது இத்துறையில் நெடுநாளாகத் தெரிந்த செய்தி. மெஷினை இயக்கப் பழக இரண்டு வாரம் போதும். ரத்தம் எடுக்கும் கை பழக மாதங்கள் ஆகும். ஆனாலும் பல கல்லூரிகளில் தலைகீழாக, அனலைசர் வாங்கிய கதையைத்தான் பெருமையாகச் சொல்வார்கள்.

முதலில் ஆள். "நீங்க லட்சுமியா?" என்று கேட்கக் கூடாது. காது கேளாதவரும் பயந்திருப்பவரும் எதற்கும் தலையாட்டுவார்கள். "உங்க பேர் என்னம்மா? வயசு எத்தனை?" என்று கேட்டு, அவர் வாயால் சொல்வதைச் சீட்டோடு ஒப்பிட வேண்டும். டியூபில் பெயர் எழுதுவது ரத்தம் எடுத்த பிறகு, நோயாளியின் பக்கத்தை விட்டு நகர்வதற்கு முன். முன்கூட்டியே ஐந்து டியூபில் ஐந்து பெயர் ஒட்டி வரிசையாக வைப்பது வேகமாகத்தான் தெரியும். ஒரு நோயாளி எழுந்து கழிப்பறைக்குப் போனால் வரிசை மாறிவிடும். இரண்டு பேரின் ரத்த வகை இடம் மாறினால் அது உயிர் போகும் தவறு.

முழங்கை மடிப்புக்கு மேலே நான்கு விரல் தள்ளி, அதாவது ஏழரையிலிருந்து பத்து சென்டிமீட்டருக்குள், ரப்பர் பட்டையைக் கட்ட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் சிரையிலிருந்து நீர் வெளியேறி ரத்தம் அடர்த்தியாகும். புரதம், கால்சியம், ஹீமோகுளோபின் எல்லாம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். சிரை தெரியவில்லை என்றால் பட்டையை அவிழ்த்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்து மறுபடி கட்டுவதுதான் முறை. "கையை மூடித் திறங்க, மூடித் திறங்க" என்று சொல்லும் பழக்கம் எங்கும் உண்டு. அப்படிச் செய்தால் தசையிலிருந்து பொட்டாசியம் கசிந்து ரத்தத்தில் ஏறும். ஒரு தடவை மூடி வைத்திருந்தால் போதும்.

ஸ்பிரிட் தடவியபின் அரை நிமிடம் காய விட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும். அதைவிட, ஆல்கஹால் ரத்தத்தோடு கலந்து சிவப்பணுக்களை உடைக்கும். பெரியவர்களுக்கு 21 அல்லது 22 கேஜ் ஊசி, துளை மேல் பக்கம், தோலுக்கு 15 முதல் 30 டிகிரிக்குள் சாய்வு. சிரஞ்சில் எடுத்தால் பிஸ்டனை மெதுவாக இழுக்க வேண்டும். ரத்தம் வரத் தொடங்கியதும் பட்டையைத் தளர்த்தி, அதன் பிறகே ஊசியை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் குத்திய இடத்தில் ரத்தம் கட்டி நீலம் பாரிக்கும். பஞ்சை வைத்து நேராக நீட்டிய கையில் இரண்டு மூன்று நிமிடம் அழுத்தச் சொல்லுங்கள். முழங்கையை மடக்கச் சொல்வது தவறு, அது காயத்தைத் திறந்துவிடும்.

சிரஞ்சிலிருந்து டியூபுக்கு மாற்றும்போதுதான் அதிகம் கெடுகிறது. ஊசியோடு அழுத்தித் தள்ளினால் சிவப்பணுக்கள் உடையும். ஊசியைக் கழற்றிவிட்டு, டியூப் சுவரில் வழிய விட வேண்டும். உடைந்த சாம்பிளைச் சுழற்றி எடுத்தால், மேலே பிரியும் தெளிந்த நீரான சீரம் வைக்கோல் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும். அதில் பொட்டாசியமும், எல்.டி.ஹெச்., எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதிகளும் ஆக மூன்றும் பொய்யாக உயரும். சிறுநீரக நோயாளி ஒருவருக்குப் பொட்டாசியம் 6.5 என்று ரிப்போர்ட் போனால் மருத்துவர் அதை இறக்க மருந்து தொடங்குவார். உண்மையில் அது 4.5 ஆக இருந்திருந்தால்? சீரத்தின் நிறத்தைப் பார்த்து "இது வேண்டாம், திரும்ப எடுக்க வேண்டும்" என்று சொல்லும் கண், முதல் ஆண்டிலேயே மாணவருக்கு வந்துவிட வேண்டும்.

டியூப்களை நிரப்பும் வரிசைக்கும் காரணம் உண்டு. முதலில் ரத்த கல்ச்சர் பாட்டில், பிறகு வெளிர்நீல மூடி, அடுத்து சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். ஊதா மூடி டியூபில் உள்ள இ.டி.டி.ஏ. என்பது பொட்டாசியம் உப்பு. கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால்தான் அது ரத்தத்தை உறையாமல் வைக்கிறது. அதன் ஒரு துளி சிவப்பு மூடி டியூபில் கலந்தால் பொட்டாசியம் எகிறும், கால்சியம் தரைமட்டத்துக்கு இறங்கும். பொட்டாசியம் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு, ஆனால் நோயாளி நன்றாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார் என்றால், முதலில் டியூபைத்தான் சந்தேகப்பட வேண்டும். "ஊதா டியூபில் ரத்தம் அதிகமாகிவிட்டது, கொஞ்சம் சிவப்பில் ஊற்றிவிட்டேன்" என்ற வாக்கியம் ஒரு லேபில் ஒருபோதும் வரக் கூடாது.

வெளிர்நீல டியூபில் 3.2 சதவீத சிட்ரேட் 0.3 மில்லி இருக்கும். கோடு வரை, 2.7 மில்லி ரத்தம் போனால் ஒன்பதுக்கு ஒன்று என்ற விகிதம் சரியாக இருக்கும். பாதி டியூப் மட்டும் நிரப்பினால் சிட்ரேட் மிஞ்சி, உறையும் நேரம் நீண்டதாகக் காட்டும். அறுவை சிகிச்சைக்குத் தயாராக இருப்பவரை அந்தத் தவறான எண் நிறுத்திவிடும். ஊதா டியூபை எட்டுப் பத்து தடவை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். குலுக்கக் கூடாது. சிவப்பு மூடி டியூபை நிமிர்த்தி வைத்து அரை மணி நேரம் உறைய விட்டுப் பிறகு சென்ட்ரிஃபியூஜில் (சுழற்றும் கருவி) போட வேண்டும். அவசரப்பட்டுச் சுழற்றினால் சீரத்தில் ஃபைப்ரின் நூல் (ரத்தம் உறையும்போது உண்டாகும் இழை) மிதந்து மெஷினின் குழாயை அடைக்கும்.

சர்க்கரைப் பரிசோதனை முகாம்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாம்பல் மூடி டியூபில் உள்ள ஃப்ளூரைடு, செல்கள் சர்க்கரையைத் தின்பதை நிறுத்தும். சாதா டியூபில் எடுத்து, வெயிலில், கிராமத்திலிருந்து ஊருக்கு வண்டியில் கொண்டுவந்தால் சர்க்கரை மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறைந்துகொண்டே வரும். வெறும் வயிற்றில் 126 என்பது நீரிழிவுக்கான எல்லை. அந்த அளவுள்ள சாம்பிள் மூன்று மணி நேரம் காத்திருந்தால் 105 போலத்தான் காட்டும். நீரிழிவு உள்ளவர் இல்லை என்ற நம்பிக்கையோடு வீட்டுக்குப் போய்விடுவார். ஃப்ளூரைடுகூட முதல் ஒன்றிரண்டு மணி நேரம் முழுவதுமாகத் தடுப்பதில்லை. அதனால் ஐஸ் பெட்டியில் வைப்பதும் சீக்கிரம் பிரித்தெடுப்பதும் நல்லது.

டிரிப் ஏறும் கையில் எடுக்காதே என்பதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். வார்டில் மறு கையில் சிரை கிடைக்காதபோது என்ன செய்வது என்பதைச் சொல்லிக் கொடுப்பவர் குறைவு. செவிலியரிடம் சொல்லி டிரிப்பை இரண்டு நிமிடம் நிறுத்தி, ஊசி இருக்கும் இடத்துக்குக் கீழே எடுத்து, முதலில் வரும் ரத்தத்தைக் கழித்துவிட்டு, ரிப்போர்ட்டில் அதைக் குறித்துவிட வேண்டும்.

ஸ்லைடும் காய்ச்சல் காலமும்

போஸ்டிங்கில் ஒரு மாணவர் எத்தனை ஸ்மியர் (ஸ்லைடில் மெல்லிசாகப் பரப்பிய ரத்தப் படலம்) போட்டார் என்பதை வைத்தே அவருடைய தேர்ச்சியைச் சொல்லிவிடலாம். ஸ்லைடின் ஒரு முனையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் சிறிய துளி. இன்னொரு ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்வில் துளியைத் தொட்டு, துளி விளிம்பு முழுக்கப் பரவியதும் ஒரே இழுப்பில், நிறுத்தாமல், அழுத்தாமல் தள்ள வேண்டும். முடிவில் நாக்கு போல வளைந்த மெல்லிய முனை வரவேண்டும். ரத்தசோகை உள்ளவரின் ரத்தம் நீர்த்திருக்கும். அப்போது சாய்வைக் கூட்டி வேகமாக இழுக்க வேண்டும். ரத்தம் கெட்டியாக இருந்தால் சாய்வைக் குறைக்க வேண்டும். துளி பெரிதாகிவிட்டால் ஸ்மியர் ஸ்லைடு முனைவரை ஓடிவிடும், வெள்ளணுக்கள் எல்லாம் முனையில் குவிந்து எண்ணிக்கை தவறும். ஸ்லைடில் எண்ணெய்ப் பசை இருந்தால் நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும்.

லீஷ்மன் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம். அதில் மெத்தனால் இருப்பதால் செல்களைப் பிடித்து நிறுத்துவதும் அதுவே. பிறகு 6.8 பி.ஹெச். உள்ள பஃபரை (அமில-கார அளவை மாறாமல் வைக்கும் திரவம்) இரண்டு பங்கு சேர்த்து, ஊதிக் கலந்து, ஏழிலிருந்து பத்து நிமிடம். கழுவி நிமிர்த்திக் காய விட வேண்டும். சிறிய லேப்களில் பஃபருக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். உப்புத் தண்ணீர் ஊரில் அது காரமாக இருக்கும், சிவப்பணுக்கள் நீலம் பாய்ந்து கிடக்கும், ஈயோசினோஃபில் என்ற வெள்ளணு எது என்றே தெரியாது. மெத்தனால் பாட்டிலை மூடாமல் வைத்தால் காற்றின் ஈரம் இறங்கி, சிவப்பணுக்களுக்குள் பளபளப்பான வெற்று வட்டங்கள் தோன்றும். புதிய மாணவர் அதை ஏதோ நோய் என்று எழுதிவிடுவார்.

மழைக்காலத்தில் டெங்கு வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்விதான்: "பிளேட்லெட் எவ்வளவு?" செல் கவுன்டர் மெஷின் செல்களை அவற்றின் அளவை வைத்துப் பிரித்து எண்ணுகிறது. இ.டி.டி.ஏ. டியூபில் சிலருடைய தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகிவிடும். ரத்தம் எடுக்கத் திணறி நேரமானாலும், டியூபைச் சரியாகக் கவிழ்க்காவிட்டாலும் சிறிய கட்டிகள் உருவாகும். கொத்தை மெஷின் தட்டணுவாக எண்ணாது. நோயாளிக்கு ஒன்றரை லட்சம் இருக்கும், மெஷின் 40,000 என்று அச்சடிக்கும். குடும்பம் பயந்து பெரிய மருத்துவமனைக்கு ஓடும்.

அதனால் குறைவான எண் வந்தால் ரிப்போர்ட்டில் கையெழுத்திடுவதற்கு முன் மூன்று வேலை. முதலில் ஊதா டியூபில் ஒரு குச்சியை விட்டுப் பார்த்து ரத்தக்கட்டி இருக்கிறதா என்று சோதிப்பது. கட்டி இருந்தால் அந்தச் சாம்பிளே வேண்டாம். இரண்டாவது, ஸ்மியரின் மெல்லிய முனையையும் ஓரங்களையும் பார்ப்பது. கொத்துகள் அங்கேதான் ஒதுங்கும். கொத்து இல்லையென்றால், எண்ணெய் லென்ஸில், சிவப்பணுக்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் பத்து ஃபீல்டில் (லென்ஸில் ஒரு நேரத்தில் தெரியும் வட்டம்) தட்டணுக்களை எண்ணி, சராசரியை 15,000-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எண்ணிக்கை கிடைக்கும். ஃபீல்டுக்கு மூன்று என்றால் 45,000. மெஷின் சொன்னது உண்மை. மூன்றாவது, கொத்து தெரிந்தால் வெளிர்நீல சிட்ரேட் டியூபில் மறுபடி எடுத்து, வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்குவது. அந்த டியூபில் பத்தில் ஒரு பங்கு திரவம் கலந்திருக்கிறதல்லவா, அதற்கான திருத்தம் அது. இந்த மூன்றையும் செய்யப் பதினைந்து இருபது நிமிடம் ஆகும். கூட்டம் நெருக்கும் காய்ச்சல் காலத்திலும் இதை விடாத சீனியர் இருக்கும் லேபில் போஸ்டிங் கிடைத்த மாணவர் கொடுத்துவைத்தவர்.

நியூபார் சேம்பரில் (கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடி) செல்களைக் கையால் எண்ணுவது பழங்கதை என்று சிலர் நினைக்கிறார்கள். மெஷின் பழுதாகும் நாளில் அதுதான் துணை. டர்க் திரவத்தில் ரத்தத்தை இருபதில் ஒன்றாகக் கலந்து, நான்கு மூலைக் கட்டங்களில் உள்ள வெள்ளணுக்களை எண்ணி 50-ஆல் பெருக்க வேண்டும். மூடுகண்ணாடி சரியாகப் படியாமல், 0.1 மில்லிமீட்டர் ஆழம் மாறினால் கணக்கே மாறும்.

ரத்த வகை பார்ப்பதில் ஒரு எச்சரிக்கை போதும். ஸ்லைடில் வகை காட்டும் சோதனைச் சீரமும் ரத்தமும் கலந்த துளியை இரண்டு நிமிடத்துக்குள் படித்துவிட வேண்டும். காற்றாடிக்குக் கீழே விட்டால் ஓரம் காய்ந்து திரிதிரியாகத் தெரியும், ஒட்டியதென்று நினைத்து வகையை மாற்றி எழுதிவிடுவார்கள். ரத்தம் ஏற்றுவதற்கு முன் ஸ்லைடு முடிவு மட்டும் போதாது. டியூப் முறையில், நோயாளியின் செல்லையும் சீரத்தையும் இரு பக்கமும் பார்த்து இரண்டும் பொருந்தினால்தான் வகை உறுதி.

சிறுநீரைப் பொறுத்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம். காத்திருந்தால் கிருமி பெருகும், சர்க்கரை குறையும், சிறுநீரக நோயைக் காட்டிக்கொடுக்கும் காஸ்டுகள் (சிறுநீரகக் குழாயின் அச்சில் உருவாகும் உருளைகள்) கரைந்து போகும்.

மெஷினை நம்புவதற்கு முன்

காலையில் நோயாளி சாம்பிளுக்கு முன் கன்ட்ரோல், அதாவது அளவு முன்பே தெரிந்த மாதிரி, ஓட்ட வேண்டும்: சாதாரண அளவு ஒன்று, நோய் அளவு ஒன்று. வரும் எண்ணை நாள்வாரியாக லீவி-ஜென்னிங்ஸ் வரைபடத்தில் குறிக்க வேண்டும்; சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்தைத் தாண்டினால் எச்சரிக்கை, மூன்றைத் தாண்டினால் அன்றைய அந்தப் பரிசோதனையை நிறுத்திக் காரணம் தேட வேண்டும். ஒரே பக்கமாகத் தொடர்ந்து நாட்கணக்கில் நகர்ந்தால் ரீஜென்ட் (சோதனை ரசாயனம்) பழையதாகிறது அல்லது விளக்கு மங்குகிறது என்று பொருள். கன்ட்ரோல் பாட்டில் விலை அதிகம் என்பதால் வாரம் ஒருமுறை மட்டும் ஓட்டும் லேப்களும் உண்டு. அங்கே போஸ்டிங் போகும் மாணவருக்கு வரைபடம் என்பது தேர்வு விடைத்தாளில் மட்டுமே இருக்கும்.

இதைவிட மோசமானது, பரிசோதனையே செய்யாமல் எண் எழுதுவது. சிறுநீரைக் கொட்டிவிட்டு "நில்" (எதுவும் இல்லை) என்று எழுதுவதிலிருந்து அது தொடங்கும். நேரமில்லை, கிட் தீர்ந்துவிட்டது என்று யார் சொன்னாலும் மாணவர் அதற்குக் கைகொடுக்கக் கூடாது. "சாம்பிள் போதவில்லை, திரும்ப அனுப்பவும்" என்று எழுதினால் யாருக்கும் கெடுதல் இல்லை. இல்லாத எண்ணை நம்பி மருத்துவர் மாத்திரை எழுதுகிறார்.

மாணவரின் உடல்

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். சேர்ந்த வாரமே தொடங்கினால்தான் போஸ்டிங்குக்குள் முடியும். கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவு பார்த்து அது 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உறுதி. தடுப்பூசி போடாதவருக்கு, கிருமி உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்.ஐ.வி.க்கு அது 0.3 சதவீதம். பயம் எச்.ஐ.வி. மேல் இருக்கிறது, ஆபத்து அதிகம் மற்றதில்.

குத்துவது பெரும்பாலும் பயன்படுத்திய ஊசிக்கு மறுபடி மூடி போடும்போது. மூடி போடவே கூடாது. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி ஊசியும் பிளேடும் வெள்ளை நிறத் துளைபடாத பெட்டிக்கு, சிரஞ்சு, டியூப் போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பைக்கு, கண்ணாடி நீலத்துக்கு, ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு. குத்திவிட்டால் பிழியாமல், வாயில் வைக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது சிறந்தது, 72 மணி நேரத்துக்கு மேல் பலனில்லை, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். திட்டுவார்கள் என்று பயந்து மாணவர்கள் மறைப்பதுதான் இங்கே பெரிய சிக்கல். எனவே சேரும்போதே கல்லூரியிடம் கேளுங்கள்: மாணவருக்கு ஊசி குத்தினால் யாரிடம் சொல்ல வேண்டும், மருந்துச் செலவு யாருடையது? பதில் எழுத்தில் இருந்தால் நல்லது.

கையில் சான்றிதழ் வந்த பிறகு

இரண்டு ஆண்டு முடிந்ததும் பெரும்பாலோர் வாங்குவது மதிப்பெண் பட்டியலும் பட்டயமும் மட்டும். இன்னும் மூன்று தாள்கள் வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை மணி நேரம் போஸ்டிங் செய்தார் என்று மருத்துவமனை லெட்டர்ஹெட்டில், மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு சான்று. கல்லூரி முத்திரையிட்ட பாடத்திட்ட நகல். எண்ணிக்கையோடு கூடிய பயிற்சிக் குறிப்பேடு: இத்தனை ரத்தம் எடுத்தேன், இத்தனை ஸ்மியர், இத்தனை கிராஸ் மேட்ச் (ஏற்றும் ரத்தம் பொருந்துகிறதா என்ற சோதனை) என்று, ஒவ்வொரு பக்கத்திலும் மேற்பார்வையாளர் கையெழுத்தோடு.

வளைகுடா நாடுகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு இவை கட்டாயம்போலத்தான். அங்கே தொழில் உரிமத்துக்கு விண்ணப்பித்தால் டேட்டாஃப்ளோ போன்ற சரிபார்ப்பு நிறுவனம் விண்ணப்பதாரர் அனுப்பிய நகலோடு நிற்காது, சான்றிதழ் வழங்கிய அமைப்புக்கே எழுதி உறுதிப்படுத்தக் கேட்கும். அதற்கு அந்த அமைப்பு பதில் எழுத வேண்டும். சிறிய கல்லூரி பெயர் மாறியிருந்தாலோ, இடம் மாறியிருந்தாலோ, மூடப்பட்டிருந்தாலோ பதில் வராது. உண்மையான சான்றிதழ் வைத்திருப்பவரும் சரிபார்க்க இயலவில்லை என்ற முடிவோடு திரும்புவார். பட்டயத்தை மருத்துவக் கல்வி இயக்ககமோ பல்கலைக்கழகமோ வழங்கியிருந்தால், கல்லூரி இல்லாமல் போனாலும் பதிவேடு அங்கே இருக்கும். கல்லூரி தானே வழங்கியது என்றால், அது நடந்துகொண்டிருக்கும்போதே, படிப்பு முடிந்த அந்த மாதத்திலேயே, பதிவேட்டு எண்ணோடு கூடிய உறுதிச் சான்றையும் மணிக்கணக்குச் சான்றையும் இரண்டு படி வாங்கி, ஒன்றை வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.